குடிபோகக் கட்டணம்

புது போன் வாங்கினால், அதற்குள் குடிபோகிறதுக்கும் தனியாக ஒரு கட்டணம் உண்டென்று நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

செண்பகத்தின் பழைய போன் சாகக் கிடந்தது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்த சிம் கார்டு, பக்கத்தில் பளபளத்த புது போனையே ஏக்கமாகப் பார்த்தது. இன்றைக்கு மாறாவிட்டால் அதன் பேச்சும் நின்றுபோகும்.

போன் கம்பெனிக் கடையின் மேசையில் கிடந்த, சிம் கதவைத் திறக்கும் குத்தூசி அசையவே இல்லை. "முதல்ல மாற்றுக் கட்டணம். அப்புறம்தான் கதவைக் குத்தித் திறப்பேன்."

"புது வீட்டுக்குக் காசு கொடுத்தாச்சு. வாசலைத் தாண்டுறதுக்கும் காசா?" என்றது சிம்.

"என்னை விட்டா உனக்கு யாருடி இருக்கா?" என்றது குத்தூசி.

செண்பகத்தின் வளையலில் தொங்கிய ஊக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இருக்கேன்டா! இவ சேலை மடிப்பையும் பிள்ளையோட டவுசரையும் இழுத்துப் பிடிக்கிறவ நான். இந்தக் குட்டிக் கதவு எனக்கு எம்மாத்திரம்?"

ஒரே குத்து. பழைய கதவு திறந்தது. இன்னொரு குத்தில் புதுக் கதவும் திறக்க, சிம் உள்ளே ஜம்மென்று போய் உட்கார்ந்தது. புது போன் கணகணவென்று அடித்தது.

வரிசையில் காத்திருந்த போன்களுக்குள்ளிருந்து சிம்கள் எல்லாம் கத்தின: "ஊக்கக்கா, போயிடாதீங்க! எங்க கதவையும் ஒரு குத்து குத்திட்டுப் போங்க!"