முதல் இடம்

காலை பதினொன்றேகாலுக்கு, என் திரையில் ஓர் எண் நான்காம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறியது.

பட்டியலில் பெயர் வராது, எண் மட்டும்தான். அது யாருடையது என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. எனக்கு மனப்பாடம். என் தங்கையுடையது.

கல்லீரலுக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. அவர்களை வரிசைப்படுத்தும் புரோகிராமை எழுதியவன் நான்தான். மூன்று வருடம் முன்பு, வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தபோது.

பெருமையாகத்தான் எழுதினேன். ஒருவருடைய மதிப்பெண் கூடினால் மொத்தப் பட்டியலையும் கலைத்து அடுக்க வேண்டியதில்லை. தனக்கு நேர் மேலே இருப்பவரோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். அதிகமென்றால் இடம் மாறிக்கொள்ளும். மறுபடி மேலே பார்க்கும். இருபது வரிகூட இல்லை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தங்கையின் மதிப்பெண்ணில் ஓர் இலக்கத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்று ஒரு மாதமாக மனசு அரித்தது. ஒருநாள் கீபோர்டில் விரலை வைத்தும் விட்டேன். மேலே இருந்த மூன்று பேருக்கும் அண்ணனோ தம்பியோ இருப்பான் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவளாகவே ஏறிவிட்டாள்.

போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து அம்மா. தினமும் இந்நேரத்துக்குக் கேட்கிற கேள்விதான்.

“இன்னிக்கு எத்தனாவதுடா?”

எனக்குச் சட்டென்று பொய் வராது. “ஒன்னு” என்றேன்.

அம்மா போட்ட சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டது. நர்சைக் கூப்பிட்டுச் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னாள். பொறுமையாக இருந்தால் முறை வரும் என்று தான் அன்றைக்கே சொன்னதை அப்பா எல்லோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

முன்னால் நிற்பவர்கள் போகப் போக, பின்னால் நிற்பவர்கள் நகர்வார்கள். அம்மாவும் அப்பாவும் நினைத்திருந்தது அப்படியொரு வரிசை. அவள் பட்டியலில் சேர்ந்து ஏழு மாதமாகியும் அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

யார் முதலில் வந்தார் என்று பார்க்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவிலிருந்துதான் மதிப்பெண் வரும். யாருக்கு மிச்சமிருக்கும் நாள் குறைவோ, அவருக்கு அதிகம்.

இன்று காலை அவளுக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள்.

கல்லீரல் மாலைக்குள் கிடைக்கலாம். இரண்டு மாதம் கழித்தும் கிடைக்கலாம். அதில் நான் எழுத ஒன்றுமில்லை.

அம்மா போனைத் தங்கையிடம் கொடுத்தாள். அவள் பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

“ஒன்னாவதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்ணா. சேர்ந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

சொன்ன கையோடு குரலை உயர்த்தினாள். அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

“ஆமாம்மா, நான்தான் ஃபர்ஸ்ட்டு!”