நாற்பதாவது சென்டிமீட்டர்

"இன்னொரு தடவை ஓட விடறேன் சார். இந்தத் தடவை கண்டிப்பா சுழலும்!"

ரோகிணி பம்பை மறுபடி முடுக்கினாள். படூர் கல்லூரி ஆய்வகத்தின் நீளமான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விரைந்தும் தயங்கியும் ஓடத் தொடங்கியது. அடியில் பதித்த கறுப்புப் பலகையை ஒட்டிச் சிவப்புச் சாயம் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. நாற்பதாவது சென்டிமீட்டரில் அது பிய்ந்து சுழல வேண்டும். மூன்று மாதமாகத் தினமும் அங்கேதான் சுழன்றது. இன்றைக்கென்று பார்த்துக் கடைசிவரை அலுங்காமல் போய்த் தொலைந்தது.

புதுப்பட்டினத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பலகையில மேடு இருந்தா எந்தத் தண்ணியும் சுழலும்மா. வழவழன்னு இருக்கற பலகையிலேயே, விட்டு விட்டு ஓடற தண்ணி இவ்வளவு சீக்கிரம் சுழலும்னு எழுதியிருக்கீங்க. கண்ணால பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மூன்று வருட ஆய்வேடு அந்த ஒரு சுழலை நம்பித்தான் இருந்தது. ரோகிணிக்கு அழுகை முட்டியது. அழுதால் ஆச்சா?

"அரை மணி நேரம் கொடுங்க சார். காரணம் தெரியாம இங்கேருந்து நகர மாட்டேன்."

நெற்றியிலிருந்த மிளகளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வழக்கம்போல் கைக்கு எட்டிய இடத்தில், கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பம்பின் வேகம் சரி. வால்வு சரி. சாய ஊசியும் சரி. நான்கு முறை ஓட்டியும் சாயம் கோடு மாறவில்லை.

ஆய்வக உதவியாளர் தர்மராஜ் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நிஜத்தைச் சொல்லுங்க. எதைத் தொட்டீங்க?"

"இன்னாமா இப்டிக் கேட்டுட்ட? பெரியவரு வர்றாருன்னு காலைல தண்ணிய வடிச்சுட்டு பலகைய பளபளன்னு தொடச்சு வெச்சேன். அவ்ளோதான்."

"துடைச்சது சரி. அதுலேருந்து எதையாவது கழட்டினீங்களா?"

"கழட்டறதுக்கு அதுல இன்னா கீது?" தர்மராஜ் சட்டைப்பையைத் துழாவினார். "தண்ணி வர்ற பக்கம் பலகை ஓரமா இது ஒட்டிக்கினு இருந்துச்சு. கறுப்புல கறுப்பு, கண்ணுக்கே தெர்ல. கைல தட்டுச்சு. உன்னுதாச்சேன்னு எடுத்து வெச்சேன்."

அவருடைய விரல் நுனியில் மிளகளவு கறுப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.