பன்னிரண்டாவது நிப்பிள்

எங்கள் பழைய குட்டி டிராக்டரில் பதினோரு நிப்பிள்களில், அதாவது கிரீஸ் உள்ளே போகும் சின்னக் குமிழ்களில், கிரீஸ் அடிக்க வேண்டும் என்கிறது அதன் கையேடு. ஞாயிறுதோறும் நான் பன்னிரண்டில் அடிப்பேன். கடைசி நிப்பிள் முன் அச்சின் இடது ஓரத்தில், சுழலும் பாகம் எதுவும் இல்லாத இடத்தில் இருந்தது.

மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இருக்குன்னா அடிச்சிட்டுப் போங்கண்ணே. கிரீஸுக்கா பஞ்சம்?"

அந்தப் பன்னிரண்டாவதில் கிரீஸ் கன்னை வைத்து நாலு தடவை அழுத்தியதும் வீட்டுக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். வார இறுதிக்குள் இடது முழங்கால் மடங்காமல் போய் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடும் என் மனைவி எழுந்து நடப்பாள்.

"இப்போ பரவால்லங்க" என்பாள்.

அந்த நிப்பிளைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

இன்று காலை பதினொன்றையும் முடித்துவிட்டு கிரீஸ் கன்னோடு இடது ஓரத்துக்கு வந்தேன். நிப்பிள் இல்லை. உடைந்த தடமோ துளையோகூட இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன். கம்பெனியில் அடித்த பழைய பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் இருந்தது. முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். கையேட்டில் உள்ளபடி சரியாகப் பதினொன்று.

உள்ளே நாற்காலியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்தக் கடைசி ஒண்ணுல இன்னும் அடிக்கலையா?"