அளவு பத்தாத கோட்டு

ஒஹாயோ பனியில் நின்று கதவைத் தட்டினேன். அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மன்றத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வீட்டுக் கதவைத் தட்டித்தான் சொல்வார்கள். விடுபட்டவர்களுக்கு வெறும் போன்தான்.

மார்வா கதவைத் திறந்தாள். அவள் கணவர் ஓர்வல் கொவாச் தன் பெரிய உடம்போடு தடுமாறி எழுந்தார்.

"உங்களைப் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"என்னையா சார்? பன்னிரண்டு வருஷம் ஆடியும் பந்தைத் தொட்டதே இல்லையே! எங்க டீம்ல டக் பந்தை எறியிற வரைக்கும் அவனை அடிக்க வர்றவங்களைத் தலையால முட்டித் தடுத்தேன், அவ்வளவுதான்."

"அதுக்குத்தான்."

தேம்பி அழுதார். மன்றத்தில் சேர்பவர்களுக்குத் தரும் தங்கநிறக் கோட்டை மாட்டிவிட்டேன். தோளில் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"தையல்காரன் என்னைப் பார்க்காமலே தைச்சுட்டானா?" என்று சிரித்தவர், சட்டென்று கேட்டார்: "டக்கையும் எடுத்தாங்களா?"

"அவரை முன்னாடியே எடுத்துட்டாங்க."

"அப்பாடா! ஆனா அவன் ஏன் சார் என்னைப் பார்க்க வரவே மாட்டேங்கிறான்?"

நான் அவர் தோளில் கோட்டைச் சரிசெய்தேன்.

சற்று நேரத்தில் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மார்வா கோட்டை மெதுவாக உருவினாள்.

"காலையில மன்றத்துலேருந்து போன் வந்துச்சு. இந்த வருஷமும் இல்லையாம்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா மட்டும் ஞாபகத்துல நிக்குமா? எழுந்ததும், 'யாராவது கதவைத் தட்டினாங்களா'ன்னுதான் கேப்பார். நாளைக்கும் வந்துடுங்க."

கோட்டின் அக்குளைத் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினாள்.

"மறுபடியும் தையல் விட்டுப்போச்சு. தினம் இவருக்கு மாட்டினா உங்க கோட்டு தாங்காது, டக்."