எட்டாம் கிழமை

யதுர்சன் யன்னலை அடைத்துக்கொண்டிருந்தான்.

நல்ல யன்னல். சல்லி ஊரின் கடற்காற்று அதன் வழியாகத்தான் அறைக்குள் வரும். ஏழு மாதத்துக்கு முன் அவனே சுவரை வெட்டி வைத்தது. இப்போது அதே கையால் கல் அடுக்கினான். மேசன் வேலை தெரியாத கை, கலவையில் பாதி நிலத்தில் கொட்டுண்டது.

கட்டிலில் அவன் மனைவி ஜெயரூபி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் முதுகையே பார்த்திருந்தாள்.

நாலு மாதப் பிள்ளை. நாலு வாய் குடிப்பதற்குள் நெற்றி வேர்த்து, களைத்து, முலையை விட்டுவிடும். மூச்சு எடுக்கும்போது விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபடும்.

காலையில் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு கடதாசியில் இதயத்தை வரைந்து காட்டினார். நடுவில் ஒரு கோடு. கோட்டில் ஓர் இடைவெளி.

"சுவரில ஓட்டை, அம்மா. பெரிய ஓட்டை."

வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருக்கலாம். சுவர் என்றதும் கதவடியில் நின்ற யதுர்சனின் முகம் செத்துப்போனது. மிச்சத்தைக் கேட்க அவன் அங்கே நிற்கவில்லை.

யன்னல் வெட்டிய அன்று ஜெயரூபிக்கு ஆறு மாதம். வெக்கையில் அவள் நித்திரையில்லாமல் புரளுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வெட்டினான். ஜெயரூபியின் தாய் கனகம்மா அன்றைக்கே தடுத்தாள்.

"வாயும் வயிறுமாய் இருக்கிறவளை வைச்சுக்கொண்டு சுவரில கை வைக்கப்படாது தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தான். அந்தச் சிரிப்புத்தான் இப்போது அவனைப் போட்டுக் கொல்கிறது.

அவன் கேட்காமல் போன மிச்சம் ஜெயரூபியிடம் இருந்தது.

அந்த ஓட்டையை ஒருவரும் போடவில்லையாம். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இதயம் நடுச்சுவர் இல்லாமல்தான் இருக்குமாம். பிறகு கீழேயிருந்து ஒரு சுவர் எழும்பும், மேலேயிருந்து ஒன்று இறங்கும். கரு தங்கி இரண்டு மாதம் ஆகுமுன், எட்டாம் கிழமைக்குள், இரண்டும் சந்தித்து மூடிவிட வேண்டும். மூடாமல் விட்ட இடம்தான் இது.

எட்டாம் கிழமையில் பிள்ளை பெருவிரல் நுனியளவு. ஆறாம் மாதத்து உளிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதை அவள் சொன்னால் போதும். அவன் கலவைக் கரண்டியைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுவான். ஆனால் எட்டாம் கிழமை என்று தொடங்கினால் அங்கே நிறுத்த ஏலாது என்று அவளுக்குத் தெரியும்.

டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டி இன்னொன்றும் கேட்டிருந்தார்.

"உங்கட சீனி வருத்தம், இந்த நீரிழிவு, பிள்ளை வயித்தில வந்த பிறகு வந்ததுதானே? அப்படியெண்டால் ஓட்டை அதால இல்லை. முதலே இருந்தால்தான் சுவர் மூடுறதைக் கெடுக்கும். சில பிள்ளையளுக்குக் காரணமே தெரியாது."

"ஓம் டொக்டர்."

ஆறு கிலோ வந்தால் கொழும்பில் ஒப்பரேஷன் செய்யலாம் என்று எழுதித் தந்தார். பிள்ளை மூன்றேமுக்கால். போன மாதமும் மூன்றேமுக்கால்தான். அது ஆறைத் தொடாது என்று ஜெயரூபியின் மடிக்குத் தெரிந்திருந்தது.

கனகம்மா ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து மருமகனின் காலடியில் வைத்தாள். மத்தியானத்திலிருந்து அவள் வேலியடியில் நின்று யன்னல் கதையைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே அடுப்படிக்குத் திரும்பினாள்.

கடைசிக் கல்லும் ஏறியது. காற்று நின்றுபோன அறையில் பிள்ளையின் மூச்சு பெரிதாகக் கேட்டது.

யதுர்சன் கட்டிலடியில் வந்து குந்தினான். கையெல்லாம் கலவை. பிள்ளையைத் தொடப் பயந்து இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டான்.

"அடைச்சிட்டன் ரூபி. இனிச் சரிவரும், என்ன?"

"ஓம்" என்றாள்.

ஜெயரூபிக்குச் சீனி வருத்தம் வந்தது பத்தொன்பது வயதில். தெரிந்தால் மாப்பிள்ளை நிற்கமாட்டான் என்று, கலியாணத்துக்கு முதல் நாள் கனகம்மா குளிசைகளையும் பழைய கிளினிக் கொப்பியையும் சீலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினாள். புது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கக் குளிசை விழுங்க முடியவில்லை. மூன்று மாதம் ஒன்றும் எடுக்கவில்லை. அதற்குள் பிள்ளை தங்கியது. எட்டாம் கிழமையும் வந்து போனது.

யன்னலடியில் இடம் வேண்டுமென்று இன்று யதுர்சன் தள்ளி வைத்தது அந்த அலுமாரியைத்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.