மூத்தவள் குடித்த டீ

"எந்திரிங்கம்மா! இங்க பச்சத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, நீங்க என்னடான்னா டீயே ஊத்தறீங்க!"

காவலாளி லாம் பதறிக்கொண்டு ஓடிவந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், பட்டுச் சட்டையும் நகையுமாக ஒருத்தி மண்டியிட்டு, பிளாஸ்கிலிருந்து மூடி போட்ட கிண்ணம் ஒன்றில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பெஞ்சில் இன்னொருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ சும்மா இருப்பா," என்றாள் உட்கார்ந்திருந்த சௌஃபோங். "பெட்டிக்குள்ள இருக்கிற அந்தச் சிவப்புக் கிண்ணம் நான் குடுத்தது. வேணும்னா பேரைப் படிச்சுப் பாரு. கொஞ்ச நேரம் நில்லு, நீதான் சாட்சி."

'திருமதி சீத்தோ அன்பளிப்பு' என்று பித்தளைத் தகடு பளபளத்தது. வெள்ளைக்காரத் தளபதிகள் குடியிருந்த அந்த பங்களா தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகமாக மாறிய நாளிலிருந்து லாம் அங்கே வேலை பார்க்கிறார். இப்படி ஒரு கூத்தை அவர் பார்த்ததில்லை. தகட்டைப் படித்துவிட்டு ஓரமாக நின்றார்.

சௌஃபோங், வியாபாரி சீத்தோவின் மூத்த மனைவி. மண்டியிட்டிருந்த வான்யீ அவருடைய சின்ன வீடு. ஹாங்காங்கின் பழைய வழக்கப்படி சின்ன வீட்டுக்காரியும் முறையான மனைவியாகலாம், ஒரே ஒரு நிபந்தனை. அவள் மண்டியிட்டு நீட்டும் டீயை மூத்தவள் வாங்கிக் குடிக்க வேண்டும். சீத்தோ வீட்டில் அதற்கென்றே பரம்பரையாக இருந்தது அந்தச் சிவப்புக் கிண்ணம்.

வான்யீ வயிற்றுப் பிள்ளையோடு வந்து அதில் டீ நீட்டியபோது, சௌஃபோங் வாங்கி, அவள் கண்ணெதிரே தரையில் கொட்டினாள். அதோடும் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. அருங்காட்சியகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடி, பூட்டு, காவல் எல்லாம் போட்டாயிற்று. இனி எவள் அதில் டீ ஊற்றுகிறாள் பார்க்கலாம்! வஞ்சம் என்றால் இது வஞ்சம்.

அப்படிப்பட்டவள்தான் இன்று காலை தானாகவே போன் போட்டு, "டீ போட்டு எடுத்துட்டு வாடி, குடிக்கிறேன்" என்று கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, கிண்ணம் உள்ள மாட்டிக்கிச்சே. இது கடையில வாங்கினது, பரவாயில்லையா?"

"அந்தக் கிண்ணத்துக்கு எதிர்ல உக்காந்து குடிச்சா அதுல குடிச்ச மாதிரிதான். முட்டி வலிக்குதா?"

"இல்லக்கா."

"முதுகு நல்லாருக்கா? கனம்கினம் தூக்குவியா?"

"அதெல்லாம் தூக்குவேன். நீங்க சொன்னா சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருப்பேன்க்கா."

வான்யீ எதற்கும் துணிந்துதான் வந்திருந்தாள். அடுத்த மாதம் அவள் மகன் கீலோய்க்குக் கல்யாணம். கல்யாணச் சடங்கில் மருமகள் டீ கொடுக்கும்போது அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி மூத்தவளுக்குத்தான். முறைப்படி மனைவியாகாதவரை, பெற்றவள் சமையல்காரியோடு ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். அந்த நாற்காலிக்காக அவள் யார் காலிலும் விழுவாள்.

"நீங்க சம்மதிச்சது அவருக்குத் தெரியுமாக்கா? புது வருஷத்துலேர்ந்து என் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. போன் பண்ணா வேலைக்காரி வெச்சுடறா."

"அவர் பேச்சு இப்ப எதுக்கு? குடு, ஆறிடப்போவுது."

வான்யீ இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி நீட்டினாள். சௌஃபோங் வாங்கி, மூடியை எடுத்தாள். ஒரு தரம் ஊதினாள். பிறகு கிண்ணத்தை மெல்லத் தரைப்பக்கம் சாய்த்தாள்.

"வேணாங்க்கா! கொட்டிடாதீங்க!" வான்யீ கையை நீட்டித் தடுத்தாள். "என்னை வேணா அறைஞ்சுடுங்க. எம்புள்ள கல்யாணம்க்கா."

"ஐயோ, பலகைத் தரைம்மா!" என்று லாம் அலறினார்.

சௌஃபோங் சிரித்துவிட்டாள். "பயந்துட்டியா? சும்மா, பழைய ஞாபகம்." கிண்ணத்தை நிமிர்த்தி ஒரே மூச்சில் குடித்தாள். மங்கலத்துக்கென்று சடங்கு டீயில் போடும் தாமரை விதை அடியில் கிடந்தது, அதைக்கூட விடவில்லை, மென்று முழுங்கினாள். அப்புறம் தன் பச்சைக்கல் வளையலைக் கழற்றி வான்யீயின் கையில் மாட்டிவிட்டாள்.

வான்யீ அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எத்தனை வருஷத்து அழுகையோ, நிற்கவே இல்லை. லாமுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பெரிய மனசும்மா உங்களுக்கு," என்றார்.

"பாத்துக்கிட்டியாப்பா? இன்னையிலேர்ந்து இவ சீத்தோ வீட்டுப் பொண்டாட்டி. நாளைக்கே இவ இல்லைன்னு சொன்னா நீதான் வந்து சொல்லணும்."

"நான் ஏன்க்கா இல்லைங்கப்போறேன்! செத்தாலும் அவர் பொண்டாட்டிதான்!"

"அது போதும் எனக்கு." சௌஃபோங் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போனவள் நின்று திரும்பினாள்.

"கீழ வேன்ல உன் புருஷன் பக்கவாதத்துல கிடக்காரு, இனிமே நீ பாத்துக்க!"