இல்லையென்றால்

ஃபாதர் டட்டில் இன்னும் முழங்காலிடவில்லை.

பிஷப் கெர்ஷா பீடத்தின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். அந்தக் கைகளுக்குக் கீழே ஒரு தலை வர வேண்டும். எண்பத்தொரு வயது நரைத்த தலை. அது மூன்றடி தள்ளி நிமிர்ந்தே நின்றது.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டாயிற்று.

எங்கள் கோவில் முன்பு டயர் கடையாக இருந்தது. அலபாமாவின் ஆகஸ்டு வெயிலில் சுவரெல்லாம் இன்னும் ரப்பர் வாசம் விடும். சன்னலில் பொருத்தியிருந்த ஏ.சி. உறுமியதே தவிர குளிரவில்லை.

இடப்பக்க நாற்காலிகளில் நாங்கள் ஒன்பது பேர். வலப்பக்கம் பிஷப்பின் ஆட்கள் பதினான்கு பேர். நடுவே நடைபாதை. இருபத்திரண்டு வருஷத்துப் பாதை அது, கண்ணுகளா. இதுவரை ஊரின் குறுக்கே கிடந்தது, இன்று கோவிலுக்குள்ளேயே வந்திருந்தது.

பெரிய ஆங்கிலிக்கன் சபையை விட்டு எல்லோரும் ஒன்றாகத்தான் வெளியேறினோம். அப்புறம் எங்களுக்குள்ளேயே பிரிந்தோம். ஒரே ஜெபப் புத்தகம், ஒரே பாட்டுகள், சின்ன ஊருக்குள் மூன்று சபைகள். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு பள்ளிக்கூட பஸ் நிறையாது.

சண்டை இதுதான். ஒருவரை பிஷப் ஆக்க மூன்று பிஷப்புகள் அவர் தலையில் கை வைக்க வேண்டும். எங்கள் முதல் பிஷப்புக்கு இரண்டு பேர்தான் வைத்தார்கள். மூன்றாமவர் வரும் வழியில் வெள்ளம் பாலத்தை மூடிவிட, சம்மதத்தைக் கடிதமாக அனுப்பினார். கடிதம் வந்தது, கை வரவில்லை.

ஃபாதர் டட்டிலுக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் அந்த பிஷப்தான். அவர் பிஷப்பே இல்லை, அதனால் டட்டிலும் குரு இல்லை என்றார்கள் வலப்பக்கத்தார். போங்களய்யா என்றோம் நாங்கள்.

இப்போது ஃபாதரின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது. அவருக்குப் பிறகு எங்களுக்கு நற்கருணை கொடுக்க ஆளில்லை, எங்களைப் புதைக்கவும் ஆளில்லை. இரண்டு சபையும் இணைந்தால் அவர்களுடைய இளைய குரு எங்களுக்கும் வருவார்.

பிஷப் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். டட்டிலின் தலையில் இன்னொரு முறை கை வைக்க வேண்டும். யார் முகமும் கெடாமலிருக்க ஒரு வாசகமும் இருந்தது: 'நீ ஏற்கெனவே குருவாக இல்லையென்றால், இப்போது ஆகு.'

மூன்று வருஷம் முடியாது என்ற ஃபாதர், போன வெள்ளிக்கிழமை சரி என்றார். இன்று நடக்காவிட்டால் இனிப் பேச்சே கிடையாது என்று பிஷப் எழுதிவிட்டார்.

"முட்டி மடங்கினாலும் கிழவருக்குக் கழுத்து மடங்காது," என்று எனக்குப் பின்னால் பர்ல் முணுமுணுத்தான்.

"நீங்க மட்டும் எங்கக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்களாக்கும்," என்றாள் அவன் மனைவி.

வாசலோரம் இரண்டு மேசைகளில் இரண்டு சபையின் சாப்பாடு. இரண்டிலும் அதே உருளைக்கிழங்கு சாலட். மேலே மூடிய ஃபாயிலை யாரும் பிரிக்கவில்லை.

வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்து தொப்பியை எடுத்தார். அவர் மனைவியும் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிஷப்பின் கைகள் மெல்லத் தாழத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் அவற்றைக் கீழே இறக்கிவிடுவார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். காலடியில் எல்வுட்டின் மெத்தை. இறந்தவர்களின் பெயரை முட்டிபோடும் மெத்தையில் பின்னி வைப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷமாகிறது. நீல நூலில் நானே பின்னினேன்.

ஃபாதர் திரும்பினார். பிஷப்பை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வெர்னா, நான் முட்டி போடட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை எதற்குக் கேட்கிறார் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை.

பிறகு விளங்கிற்று.

எல்வுட்டின் கடைசி நாள். வாழ்நாளெல்லாம் கோவில் வாசலைத் தாண்டி உள்ளே வராத மனுஷன். அன்று பயத்தில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஃபாதரைக் கூப்பிடச் சொன்னார். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம். ஃபாதர் வெளியே வந்தபோது எல்வுட்டின் விரல்கள் சட்டத்தை விட்டிருந்தன. பொழுது சாயும்வரை தூங்கினார். அப்படியே போய்விட்டார்.

உன் பாவங்களை மன்னிக்கிறேன் என்று ஒரு குருதான் சொல்ல முடியும். அன்று அந்த அறைக்குள் இருந்தவர் குரு இல்லையென்றால்?

உயிரோடிருக்கிற எங்கள் ஒன்பது பேருக்கும் புதிய குரு வந்து எல்லாவற்றையும் மறுபடி செய்துவிடலாம். எல்வுட்டால் எழுந்து வந்து தன் பாவங்களை இன்னொரு முறை சொல்ல முடியாது.

மூன்று வருஷமாக அவர் மறுத்ததை நாங்கள் தலைக்கனம் என்றோம். நானும்தான் சொன்னேன், அவர் காதுபடவே.

குனிந்து மெத்தையை எடுத்தேன். மூன்றடி நடந்து, பிஷப்பின் கைகளுக்குக் கீழே தரையில் வைத்தேன். பெயர் மேலே தெரியும்படி.

"இதுமேல போடுங்க, ஃபாதர். அவர் தாங்கிக்குவார்."

ஒரு பக்கம் நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். மறுபக்கம், கைப்பையை மாட்டியிருந்தாளே, அந்தப் பெண் வந்து பிடித்தாள். முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொன்று. நீல எழுத்துகளின் மேல் அவருடைய முழு எடையும் இறங்கியது.

பிஷப் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். தலையில் கைகளை வைத்தார்.

'நீ ஏற்கெனவே குருவாக' என்பதுவரை கணீரென்று சொன்னார். 'இல்லையென்றால்' என்பதை மட்டும், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல, மெதுவாகச் சொன்னார்.